பந்தயம் ஊரைக் கடக்கும் அந்த இருபது நொடிகள்

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: தொழில்முறை மிதிவண்டிப் பந்தயம் ஒன்று உங்கள் ஊரின் பிரதான சாலை வழியாகச் செல்லவிருக்கிறது, காலையிலேயே சாலையை மூடிவிடுவார்கள், ஏற்கெனவே பார்த்தவர்களோ "இருபது நொடியில் எல்லாம் முடிந்துவிடும், பேசாமல் தொலைக்காட்சியில் பார்த்துக்கொள்" என்கிறார்கள், அப்படியானால் மூன்று மணி நேரம் சாலையோரத்தில் காத்து நிற்பதில் பயன் உண்டா, நிற்பதென்றால் எங்கே நிற்பது? இடத்தையும் நேரத்தையும் பற்றிய கேள்வியாக இது தோன்றினாலும், உள்ளே இருப்பது வேறு கேள்வி என்று எனக்குப் படுகிறது. பந்தயம் தொடங்கவும் செய்யாத, முடியவும் செய்யாத ஓர் இடத்தில் நின்றுகொண்டு, கண்மூடித் திறப்பதற்குள் கடந்துபோகும் கூட்டத்தில் பார்ப்பதற்கு என்னதான் இருக்கிறது என்பதே அந்தக் கேள்வி.

பல ஆண்டுகளாக இத்தகைய பந்தயங்களில் சாலைச் சந்திப்புகளில் கொடியும் விசிலுமாக நிற்கும் தன்னார்வலராகப் பணியாற்றியிருக்கிறேன்; பணி இல்லாத நாட்களில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் மற்றவர்களோடு நின்று பார்த்திருக்கிறேன். தொழில்முறை வீரர்களோடு நான் ஒருநாளும் ஓட்டியதில்லை. ஆகவே கூட்டத்துக்குள்ளே இருப்பவர் என்ன நினைத்து ஓட்டுகிறார் என்பதைப் பற்றி நான் சொல்வதெல்லாம் வெளியிலிருந்து ஊகிப்பதுதான். சாலையோரத்திலிருந்து எது தெரியும், எது தெரியாது என்பதைப் பற்றி மட்டும் சற்று உறுதியாகப் பேச முடியும்.

முதலில் அந்த இருபது நொடிக் கணக்கை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அது பொய்யல்ல. பிரான்ஸில் பல நாள் நடக்கும் புகழ்பெற்ற பந்தயமான டூர் டி பிரான்ஸில், 2025ஆம் ஆண்டு 23 அணிகள், அணிக்கு 8 பேர் என 184 பேர் புறப்பட்டார்கள். பெலோட்டான் என்று அழைக்கப்படும் பெருங்குழு சமதளச் சாலையில் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் நொடிக்கு 12.5 மீட்டர் நகரும். சாலையை அடைத்துக்கொண்டு 200 அல்லது 250 மீட்டர் நீளத்துக்குப் பரவியிருக்கும் அந்தக் கூட்டம் ஒரு விளக்குக் கம்பத்தைக் கடக்க 16 முதல் 20 நொடிகள் ஆகும். வேகம் 60 கிலோமீட்டருக்கு ஏறி, எல்லோரும் ஒற்றை வரிசையாக நீண்டுவிட்டால், வரிசையின் நீளம் 400 மீட்டரைத் தாண்டும். அப்போதும் ஏறத்தாழ 24 நொடிகளில் கடைசிச் சக்கரம் போய்விடும். ஆக, சமதளத்தில் எல்லோரும் சேர்ந்து வரும்போது உங்கள் நண்பர்கள் சொல்வது சரி. அவர்கள் பந்தயம் என்றாலே பெலோட்டான் மட்டும்தான் என்று எடுத்துக்கொண்டதுதான் பிழை. சாலையில் வருவது ஒரு நீண்ட ஊர்வலம். பெலோட்டான் அதன் நடுப்பகுதி.

எப்போது வரும் என்பதிலிருந்து தொடங்கலாம். ஏற்பாட்டாளர்கள் வெளியிடும் வழித்தட அட்டவணையில் ஒவ்வோர் இடத்துக்கும் பெரும்பாலும் மூன்று நேரங்கள் இருக்கும். மூன்று வெவ்வேறு சராசரி வேகங்களுக்கான கணக்குகள் அவை. உங்கள் ஊர் 120ஆவது கிலோமீட்டரில் இருப்பதாக வைத்துக்கொண்டால், மணிக்கு 42 கிலோமீட்டர் சராசரியில் 2 மணி 51 நிமிடத்திலும், 46 கிலோமீட்டர் சராசரியில் 2 மணி 37 நிமிடத்துக்குச் சற்று முன்பும் வந்துவிடுவார்கள். அதாவது ஏறத்தாழ கால் மணி நேர வேறுபாடு. இந்தக் கணக்கு, ஊருக்குள் மெதுவாக அணிவகுத்து வெளியே வந்த பிறகு இயக்குநர் தன் காரின் மேற்கூரைத் திறப்பின் வழியே கொடியசைக்கும் பூஜ்ய கிலோமீட்டர் புள்ளியிலிருந்துதான் தொடங்குகிறது. புறப்பாட்டு விழா நடக்கும் இடத்திலிருந்து அல்ல. இதைக் கவனிக்காமல் வந்து ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பின்காற்று பலமாக இருந்தால் அட்டவணையின் மிக வேகமான நேரத்துக்கும் முன்னதாகவே வந்துவிடலாம் என்பதால், அந்த நேரத்துக்கு அரை மணி முன்பே உங்கள் இடத்தில் இருந்துவிடுங்கள்.

பெரிய பந்தயங்களில் இதற்கும் வெகுநேரம் முன்பாக விளம்பர வண்டிகள் வரும். டூர் டி பிரான்ஸில் இந்த வழக்கம் 1930இல் தொடங்கியது. பந்தயத்தை நிறுவிய ஆன்ரி டெஸ்கிராஞ்ச், மிதிவண்டி நிறுவனங்களின் அணிகளை விலக்கிவிட்டுத் தேசிய அணிகளைக் கொண்டுவந்த ஆண்டு அது. வீரர்களுக்கான செலவு ஏற்பாட்டாளர் தலையில் விழுந்ததால், அதை ஈடுகட்ட விளம்பர வண்டிகளுக்கு இடம் கொடுத்தார். இன்று அவை வீரர்களுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னால், தொப்பிகளையும் சாவிக்கொத்துகளையும் வீசிக்கொண்டு போகின்றன. சிறிய பந்தயங்களில் இது இருக்காது. இருந்தால், குழந்தைகளை உங்கள் கைப்பிடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வீசப்பட்ட ஒரு தொப்பி சாலை நடுவில் கிடக்க, அடுத்த வண்டி வருவதைப் பாராமல் ஓடும் குழந்தையைத்தான், கொடி பிடித்து நின்ற நாட்களில், பெலோட்டானைவிட அதிகமாக அஞ்சியிருக்கிறேன்.

பிறகு நீண்ட அமைதி. அதைத் தொடர்ந்து காவல்துறை மோட்டார் சைக்கிள்கள் இரண்டும் மூன்றுமாக வரும். ஹெலிகாப்டர் சத்தம் கேட்டதும் கூட்டம் பரபரப்பாகும். ஆனால் அது நம்பத் தகுந்த அடையாளம் அல்ல, வழியில் தென்படும் ஒரு பழைய கோட்டையைப் படம் பிடிப்பதற்காக அது வீரர்களை விட்டு விலகிப் பறந்துகொண்டிருக்கலாம். பல ஐரோப்பியப் பந்தயங்களில் சிவப்புக் கொடி கட்டிய கார் ஒன்று பந்தயத்தின் தொடக்கத்தையும், பச்சைக் கொடி கட்டிய கார் ஒன்று அதன் முடிவையும் அறிவிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதெல்லாம் பந்தயம். சிவப்புக் கொடியைக் கண்ட பிறகு சாலையைக் குறுக்கே கடக்கக் கூடாது.

இப்போது கையில் நிறுத்துக் கடிகாரம் இருக்கட்டும். எதிர்ப்புறத்தில் ஒரு கம்பத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். பெரும்பாலான சமதளக் கட்டங்களில் (பல நாள் பந்தயத்தில் ஒரு நாள் ஓட்டத்தைக் கட்டம் என்பார்கள்) நான்கைந்து பேர் முன்கூட்டியே பிரிந்து முன்னால் போய்க்கொண்டிருப்பார்கள். அவர்களில் முதல்வர் கம்பத்தைக் கடக்கும்போது கடிகாரத்தைத் தொடங்கி, பெலோட்டானின் முதல் சக்கரம் கடக்கும்போது நிறுத்துங்கள். மூன்று நிமிடம் என்று காட்டினால், 40 கிலோமீட்டர் வேகத்தில் அது இரண்டு கிலோமீட்டர் இடைவெளி. வீரராக இருந்து வர்ணனையாளரான பிரான்ஸின் ரொபேர் ஷப்பாத் பெயரால் ஒரு கணக்கு வழங்குகிறது: ஊக்கத்தோடு துரத்தும் பெலோட்டான் பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு நிமிடத்தை மீட்டுவிடும். அதன்படி, எல்லைக்கோட்டுக்கு 30 கிலோமீட்டர் இருக்கும் ஊரில் நீங்கள் நின்று, இடைவெளி இரண்டு நிமிடம் என்று கண்டால், முன்னால் போனவர்கள் பிடிபடுவார்கள் என்று பக்கத்தில் நிற்பவரிடம் தைரியமாகச் சொல்லலாம். இது அனுபவக் கணக்கே தவிர இயற்கை விதி அல்ல. மலைப்பாதையிலும், துரத்த வேண்டிய அணிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும் நாட்களிலும் இது தோற்றுப்போகும். இருந்தாலும், இடைவெளியை நீங்களே அளந்துவிட்ட பிறகு அந்த மூன்று நிமிடக் காத்திருப்பு வெறும் காத்திருப்பாக இருக்காது.

பெலோட்டான் வரும்போது முகங்களைத் தேடாதீர்கள். அதன் வடிவத்தைப் பாருங்கள். முன்பகுதி சாலையின் அகலம் முழுக்கப் பரந்து மழுங்கியிருந்தால் யாரும் அவசரப்படவில்லை என்று பொருள். அம்பு முனைபோலக் கூராகி, பின்னால் நூல்போல நீண்டிருந்தால் யாரோ கடுமையாக இழுக்கிறார்கள். அந்த முன்வரிசையில் எந்த அணியின் சட்டை என்று மட்டும் பார்த்துக்கொண்டால், அன்று யாருக்குப் பந்தயம் முக்கியம் என்பது தெரிந்துவிடும். வரிசை சாலையின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குச் சாய்வாக விரிந்திருந்தால் பக்கக்காற்று அடிக்கிறது; ஒரு சாய்வு வரிசையில் சாலையின் அகலம் அனுமதிக்கும் அளவுக்குத்தான் ஆட்கள் இடம்பெற முடியும், மற்றவர்கள் காற்றில் விடப்படுவார்கள், பெலோட்டான் துண்டு துண்டாக உடையும். சமதளத்தில் பந்தயம் உடைவதை நேரில் பார்க்க இதைவிட நல்ல காட்சி கிடையாது.

நடுவில் இருப்பவர்கள் 45 கிலோமீட்டர் வேகத்தில் பேசிச் சிரித்துக்கொண்டு போவதைப் பார்த்துப் பலர் வியப்பதுண்டு. 2018இல் பெர்ட் பிளோக்கன் தலைமையிலான ஆய்வாளர்கள் 121 பேர் கொண்ட பெலோட்டானைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் ஆராய்ந்து, அதன் நடுப்பகுதியிலும் பின்பகுதியிலும் உள்ளவருக்குக் காற்றின் தடை, அதே வேகத்தில் தனியாக ஓட்டுபவருக்கு இருப்பதில் 5 முதல் 10 விழுக்காடாகக் குறைந்துவிடுகிறது என்று கண்டார்கள். காற்று மறைவு பெரிய உதவி என்பது இதனால் ஐயமற்ற ஒன்று. ஆனால் அந்த எண்ணை அப்படியே உங்கள் ஊர்ச் சாலையில் பொருத்திவிட முடியாது. ஆய்வில் இருந்தது நெருக்கமாக, ஒழுங்காக, சீரான வேகத்தில் செல்லும் கூட்டம். உங்கள் முன்னே வருவதோ ஒவ்வொரு வளைவிலும் பிரேக் பிடித்து மீண்டும் முடுக்கிக்கொண்டு வரும் கூட்டம். பின்பகுதியில் இருப்பவர் வளைவிலிருந்து வெளிவரும்போது எழுந்து நின்று மிதிப்பதைக் கண்டால், அந்தச் சேமிப்பில் ஒரு பங்கு எங்கே போகிறது என்று புரியும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். பெலோட்டான் கடந்ததும் கூட்டத்தில் பாதி திரும்பி நடக்கத் தொடங்கும். நீங்கள் நில்லுங்கள். முன்னால் நடப்பதைத் தொலைக்காட்சி உங்களைவிட நன்றாகக் காட்டிவிடும். பின்னால் நடப்பதை அது பெரும்பாலும் காட்டுவதில்லை. முதலில் நடுவர்களின் காரும் பந்தய மருத்துவரின் காரும் வரும். அதற்குப் பின் அணிகளின் கார்கள், கூரையில் மாற்று மிதிவண்டிகளோடு, ஒன்றன்பின் ஒன்றாக வரும். அந்த வரிசை தற்செயலானதல்ல. பல நாள் பந்தயத்தில், ஒவ்வோர் அணியிலும், எல்லா நாட்களின் நேரத்தையும் கூட்டிப் போடும் ஒட்டுமொத்தப் பட்டியலில் முன்னணியில் இருப்பவர் எந்த இடத்தில் இருக்கிறாரோ, அதற்கேற்பவே அவருடைய அணியின் காருக்கு எண் தரப்படுகிறது. ஆக, கார்களை வரிசையாக எண்ணிப் பார்த்தாலே அணிகளின் நிலவரம் தெரிந்துவிடும். சக்கரம் பஞ்சரான வீரருக்கு இருபதாவது காரில் உதவியாளர் இருந்தால் எவ்வளவு நேரம் ஓரத்தில் நின்று தவிக்க வேண்டியிருக்கும் என்பதும் அப்போது விளங்கும்.

அந்தக் கார்களுக்கு நடுவே தனியாக வருகிறவர்களைத்தான் கவனிக்க வேண்டும். ஒருவர் தன் அணியின் கார் சன்னலோரம் சென்று, ஆறு ஏழு தண்ணீர் பாட்டில்களை வாங்கிச் சட்டைப்பைகளிலும் முதுகுப்புறச் சட்டைக்குள்ளும் திணித்துக்கொண்டு, கூன் விழுந்தவர்போல மீண்டும் பெலோட்டானைப் பிடிக்கப் போவார். தலைவருக்காக உழைக்கும் இத்தகைய துணைவீரர்களின் பெயர் வெற்றிப் பட்டியலில் அரிதாகவே வரும். இன்னொருவர் பஞ்சரான பிறகு ஒரு காரின் பின்புறம் ஒட்டி, அடுத்த காருக்குத் தாவி, ஏணியில் ஏறுவதுபோல ஒவ்வொரு காராக முன்னேறுவார். பாட்டிலை வாங்கும்போது கை காரிலிருந்து விடுபடச் சற்று அதிக நேரம் எடுத்துக்கொண்டால், அதன்மூலம் காரின் இழுப்பில் சில மீட்டர் இலவசமாகக் கிடைக்கும். விதி இதைத் தடுக்கிறது. நடுவர் சில நேரம் தண்டிப்பார், சில நேரம் வேறு பக்கம் பார்ப்பார். கீழே விழுந்தவர் வந்தால் தோளில் கிழிந்த சட்டையும் சிராய்ப்பும் தெரியும். இவையெல்லாம் உங்களுக்கு இரண்டு கை தூரத்தில் நடக்கும்.

ஒருமுறை நான் பணியில் இல்லாமல் ஓர் ஏற்றத்தில் நின்றிருந்தபோது, கார்களெல்லாம் போன பிறகு ஒருவர் தன்னந்தனியாக வந்தார். என் கையில் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பேசுவதற்கு மூச்சில்லாமல், தாடையை மட்டும் உயர்த்தி "எவ்வளவு?" என்று கேட்டார். நான் நான்கு விரல்களைக் காட்டினேன். அவர் தலையசைத்துவிட்டு மிதித்தார். அவர் வளைவில் மறைந்த பிறகுதான், நான் காட்டியது கடைசி அணிக் காருக்கும் அவருக்கும் இடையிலான நேரம், பெலோட்டானுக்கும் அவருக்கும் இடையிலானது அல்ல என்பது உறைத்தது. அன்றிலிருந்து யாராவது கேட்டால் சொல்வதற்காகவே இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்கிறேன். அதன்பின் யாரும் கேட்டதில்லை.

இத்தனைக்கும் கடைசியில் வருவது, ஓட்டத்தைக் கைவிட்டவர்களை ஏற்றிக்கொள்ளும் வண்டி. துடைப்ப வண்டி என்ற பொருளில் அதற்குப் பெயர். 1910இல், டூர் முதன்முதலாகப் பிரனே மலைகளின் உயர்ந்த கணவாய்களுக்குள் நுழைந்த ஆண்டில், அது அறிமுகமானது. வெற்றியாளரின் நேரத்துக்கு மேல் குறிப்பிட்ட விழுக்காட்டுக்குள் வந்து சேராதவர் மறுநாள் ஓட முடியாது. அதனால் மலைநாட்களில், சமதளத்தில் எல்லைக்கோட்டை நோக்கிப் பாய்வதில் வல்லவர்களும் ஏற்றத்தில் பின்தங்குபவர்களுமான வேகப் பாய்ச்சல் வீரர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, நேரத்தைக் கணக்கிட்டுக்கொண்டே வருவார்கள். எனக்கு மிகவும் பிடித்த காட்சி அந்தக் குழுதான். முந்திய நாள் சட்டை உரசப் போட்டியிட்டவர்கள் அன்று ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு வருவார்கள்.

எங்கே நிற்பது என்ற கேள்விக்கு இப்போது விடை எளிது. உங்கள் ஊர் எல்லையில் ஓர் ஏற்றம் இருந்தால், அது சிறியதாயினும், அங்கே போங்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுபவர் நொடிக்கு ஐந்தரை மீட்டர்தான் நகர்கிறார். கூட்டம் உடைந்து சிறு சிறு குழுக்களாக வருவதால், பெரிய மலையென்றால் முதல்வருக்கும் கடைசியானவருக்கும் இடையில் அரை மணி நேரம்கூடப் போகும். ஏற்றம் இல்லையென்றால், நேரான நீண்ட சாலை கண்ணுக்குத் தெரியும் ஓர் இடத்தில், கூர்மையான வளைவு ஒன்றைத் தாண்டி நில்லுங்கள்; தொலைவிலிருந்து வருவதும் தெரியும், வளைவில் வேகம் குறைந்து மீண்டும் எழுவதும் தெரியும். வளைவின் வெளிப்புறத்தில் மட்டும் நிற்காதீர்கள்; வழுக்கியவர் போய்ச் சேரும் இடம் அது. இறக்கத்தில் நிற்பது வீண், ஆபத்தும்கூட. உங்கள் ஊருக்குக் கிடைத்தது தனிநபர் நேர ஓட்டம் என்றால் அதிர்ஷ்டம்தான். ஒன்றிரண்டு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராக மணிக்கணக்கில் வருவார்கள்.

யார் யார் என்று அடையாளம் காண ஆசைப்பட்டால், ஒரே ஒரு நிறத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். 2003 முதல் தலைக்கவசம் கட்டாயம், கண்ணாடியும் போட்டிருப்பார்கள், முகம் தெரியாது. ஒட்டுமொத்த முன்னணி வீரருக்கு டூரில் மஞ்சள் சட்டை. 1919 முதல் உள்ள வழக்கம், அதை நடத்திய நாளிதழ் மஞ்சள் தாளில் அச்சானது. இத்தாலியப் பந்தயத்தில் 1931 முதல் இளஞ்சிவப்பு, அங்கும் நாளிதழின் நிறமே. வெள்ளைச் சட்டையின் குறுக்கே ஐந்து நிறப் பட்டைகள் இருந்தால் அவர் நடப்பு உலக வாகையர். கைப்பட்டியில் மட்டும் அந்தப் பட்டைகள் இருந்தால் முன்னாள் வாகையர். முதுகில் 13 என்ற எண் தலைகீழாக ஒட்டப்பட்டிருந்தால் பிழை என்று நினைக்க வேண்டாம். துரதிர்ஷ்டத்துக்கு அஞ்சி வீரர்கள் செய்துகொள்வது.

பாதுகாப்பைப் பற்றி நான் கண்டிப்பாகவே பேசுவேன். 2021 டூரின் முதல் நாளில், தொலைக்காட்சிக் கேமராவைப் பார்த்தபடி அட்டை ஒன்றைச் சாலைக்குள் நீட்டிய ஒரு பார்வையாளர்மீது டோனி மார்ட்டின் என்ற வீரர் மோதி விழ, பெலோட்டானின் பெரும்பகுதி அவர்மேல் சரிந்தது. 2018இல் ஆல்ப் டுயெஸ் ஏற்றத்தில் நெரிசலுக்கிடையே கீழே விழுந்த வின்சென்சோ நிபாலி, முதுகெலும்பு முறிவோடு பந்தயத்திலிருந்து விலகினார். 1999இல் அதே ஏற்றத்தில் படம் எடுக்க நடுவில் நின்றவர்மீது மோதி விழுந்த ஜுசெப்பே கெரினி எழுந்து ஓட்டி வென்றுவிட்டார் என்பது நல்வாய்ப்பு. இந்த நிகழ்வுகளில் யாரும் தீங்கு நினைத்ததாகத் தெரியவில்லை. வீரர்கள் சாலையை ஓரம் வரை பயன்படுத்துவார்கள் என்பதை அவர்கள் எண்ணவில்லை. செல்பேசித் திரையின் வழியே பார்க்கும்போது வருபவர் உண்மையில் இருப்பதைவிடத் தொலைவில் இருப்பதாகத் தோன்றும். ஆகவே படம் எடுப்பதென்றால் கையை நீட்டாமல், மார்போடு சேர்த்து வைத்து எடுங்கள். சாலைக்கு முதுகு காட்டித் தன்படம் எடுப்பதை விட்டுவிடுங்கள். நாயைக் கூட்டி வராதீர்கள்.

நினைவுக்கு ஒரு பாட்டில் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். சர்வதேச மிதிவண்டி ஒன்றியம் 2021 முதல் இதில் கண்டிப்பாக இருக்கிறது. வீரர்கள் கண்ட இடத்தில் பாட்டிலை வீசினால் அபராதம். அதற்கென ஒதுக்கிய பகுதிகள் வழித்தட வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கும், அங்கே நின்றால் கிடைக்க வாய்ப்பு உண்டு. சாலையில் உருண்டு கிடக்கும் பாட்டிலை மட்டும் உடனே எடுக்கக் குனியாதீர்கள். பெலோட்டான் போய்விட்டாலும், நான் சொன்ன அந்தத் தனி ஆட்கள் கார்களுக்கு நடுவே சத்தமில்லாமல் வந்துகொண்டிருப்பார்கள். துடைப்ப வண்டி போகட்டும், அதன் பின்னால் பச்சைக் கொடி கட்டிய காரும் போகட்டும். பாட்டில் அதுவரை அங்கேயேதான் கிடக்கும்.